ஆயர் வரனுக்குச் சம்மதிக்கும் முன்: குருமனை வாழ்க்கை பற்றி ஒரு விரிவான பதில்

கும்பகோணத்தில் தனியார் வங்கி ஒன்றில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் சபையில் வளர்ந்த ஓர் இளம் ஆயரின் (சபைப் போதகரின்) வரன் வந்திருக்கிறது, ஆயரம்மாவுக்கு, அதாவது ஆயரின் மனைவிக்கு, என்னதான் வேலை, அதற்குச் சம்பளம் உண்டா, கையிலிருக்கும் வேலையை விட்டுவிட வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் அடியில் கிடக்கும் கேள்வி வேறு. யாரும் நியமிக்காத, ஆனால் எல்லாரும் எதிர்பார்க்கிற ஒரு பணிக்கு ஆயுளைக் கொடுத்தால் அந்த உழைப்பு சபைக்கு உண்மையில் உதவுமா, இல்லை முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருப்பதிலேயே காலம் போய்விடுமா என்பதுதான் உங்கள் கவலை. குருமனைகளிலும் (ஆயர் குடும்பத்துக்குச் சபை தரும் வீடு) பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் நெடுங்காலம் புழங்கி, புதிதாக வரும் ஆயர் மனைவிகளுக்குப் பயிற்சி நடத்தும் பழக்கத்தில் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த மெதடிஸ்ட் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் இயக்கத்தின் வெஸ்லியன் மிஷனரிகள் 1814-இல் இலங்கையில் இறங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் நாகப்பட்டினத்தில் பணி தொடங்கி, பின்னர் மன்னார்குடி, திருவாரூர், கரூர் என்று பரவியது. மன்னார்குடி பின்லே பள்ளி அந்த மிஷன் விட்டுச்சென்றதுதான். இந்தச் சபைகளெல்லாம் 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது அதில் இணைந்துவிட்டன. ஆகவே டெல்டாவில் ஒருவர் ‘நாங்கள் மெதடிஸ்ட்’ என்றால், பெரும்பாலும் இன்று சி.எஸ்.ஐ. திருச்சி-தஞ்சாவூர் திருமண்டலத்தின் ஆயர் என்று பொருள். அமெரிக்க மிஷன் வழியில் வந்து, இந்த இணைப்பில் சேராமல் 1981 ஜனவரியில் தன்னாட்சி பெற்ற இந்திய மெதடிஸ்ட் திருச்சபை வேறு. அங்கே ஆண்டு மாநாட்டில் பேராயர் ஒவ்வோர் ஆண்டும் நியமனங்களை அறிவிப்பார். கீழே நான் சொல்வது சி.எஸ்.ஐ. சேகரங்களை (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுதி) மனத்தில் வைத்து. வீட்டுக்குள்ளான விஷயங்கள் இரண்டுக்கும் பொருந்தும். இடமாற்ற விதியும் சம்பள விதியும் பொருந்தா.

உறுதியாகச் சொல்லக்கூடியது: ஆயரின் மனைவி என்பது பதவி இல்லை. நியமனக் கடிதம் கிடையாது, சம்பளம் கிடையாது, சேகரக் கமிட்டியில் அந்த உறவுக்காக மட்டும் ஓட்டும் கிடையாது. சி.எஸ்.ஐ.யில் 1976 முதல் பெண்களே ஆயர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். அவர்களுடைய அதிகாரம் வேறு, உங்களுடைய நிலை வேறு. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைமையைப் பல சபைகளில் ஆயரம்மாவிடமே கொடுத்துவிடுவார்கள். சில சபைகளில் தேர்தல் நடக்கும். எது அந்த இடத்து வழக்கம் என்று போனவுடன் கேட்டுக்கொள்ள வேண்டும். அதிகாரம் எதுவும் இல்லாததால் உங்களிடம் இருக்கப்போவது ஒரே ஒரு மூலதனம், சபையாரின் நம்பிக்கை. அதைக் கட்டுவதும் கெடுப்பதும் பிரசங்கமோ பாட்டோ அல்ல. பணம், சாவி, பிறர் சொன்ன ரகசியம், யார் வீட்டில் சாப்பிடுகிறீர்கள் என்பது, இந்த நான்கும்தான். பதிலின் பெரும்பகுதியை இவற்றுக்கே செலவிடுகிறேன்.

வாரம் எப்படிப் போகும் என்றால்: ஞாயிறு காலை ஓய்வுநாள் பள்ளி, ஆராதனை, முடிந்ததும் வாசலில் அரை மணி நேரம் பேச்சு, மதியம் யாராவது வீட்டில் ஞானஸ்நானச் சாப்பாடோ பிறந்தநாள் ஜெபமோ. வாரநடுவில் வீட்டு ஜெபக் கூட்டம். பல இடங்களில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். சனிக்கிழமை பாடகர் குழுப் பயிற்சி, பீட ஆயத்தம். மாதம் ஒருமுறை பெண்கள் சங்கக் கூட்டம். இதற்கு நடுவே ஒரு சேகரத்தில் தலைமைச் சபையோடு நான்கைந்து கிராமச் சபைகளும் இருக்கும். மாதம் ஒரு தடவையாவது அங்கெல்லாம் முகம் காட்ட வேண்டும். ஆண்டில் கனமான காலம் இரண்டு: லெந்து என்னும் தவக்காலம் தொடங்கி உயிர்த்தெழுந்த ஞாயிறு வரை ஒன்று, கேரல் பவனியில் ஆரம்பித்து, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையைத் தாண்டி, புத்தாண்டின் உடன்படிக்கை ஆராதனை வரை இன்னொன்று. கடவுளுக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கும் அந்த உடன்படிக்கை ஆராதனை 1755-இல் ஜான் வெஸ்லி தொடங்கிய வழக்கம். பழைய வெஸ்லியன் சபைகளில் அதற்குத் தனி மரியாதை உண்டு. தூக்கம் குறைந்தது என்று அன்று வராமல் இருந்துவிடாதீர்கள்.

பீட ஆயத்தத்தைக் கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) பார்த்துக்கொள்வார் என்றாலும், திருவிருந்தில் அப்பத்தோடு கொடுக்கும் திராட்சைச் சாறு மட்டும் பல இடங்களில் குருமனை அடுப்பில்தான் தயாராகிறது. மெதடிஸ்ட் மரபில் புளிக்காத சாறு. அமெரிக்காவில் தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர் 1869-இல் திராட்சைச் சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காத்ததே திருவிருந்துக்காகத்தான். செய்முறை: ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கிக் கழுவி, எவர்சில்வர் பாத்திரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு சிறுதீயில் வையுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. புளிப்பு உலோகத்தை அரித்துச் சாற்றில் கலக்கும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தோல் வெடித்ததும் மரக்கரண்டியால் மசித்து, வெந்நீரில் அலசிய துணியில் வடிகட்டுங்கள். துணியை முறுக்கிப் பிழியக் கூடாது. கொட்டையின் துவர்ப்பு இறங்கிவிடும். வடித்த சாற்றை மறுபடி ஆவி வந்து ஓரத்தில் சிறுகுமிழி எழும் வரை சூடாக்கி, கொதிக்கவிடாமல் இறக்கி, கொதிநீரில் சுத்தம் செய்த கண்ணாடிப் பாட்டிலில் சூடாகவே ஊற்றுங்கள். ஏறக்குறைய 600 மில்லி கிடைக்கும். தனிக் கிண்ணத்தில் ஆளுக்கு 5 மில்லி ஊற்றினால் நூறு பேருக்கு மேல் தாராளமாகப் போதும்.

கெட்டுப்போவது எங்கே என்றால், வெள்ளிக்கிழமையே செய்து வெளியில் வைப்பதில். டெல்டா வெயிலில் சீக்கிரமே நுரைக்க ஆரம்பித்துவிடலாம். இறுக மூடியிருந்தால் மூடி தெறிக்கும். சனி மாலை செய்து குளிர்பெட்டியில் வையுங்கள். இரவு முழுக்க மின்சாரம் இல்லாமல் போயிருந்தால் காலையில் முகர்ந்து பார்த்து, நுரையோ புளிப்பு வாசனையோ இருந்தால் தயங்காமல் கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்யுங்கள். அதற்காக அரைக் கிலோ பழம் கைவசம் இருக்கட்டும். ஆராதனையில் மீந்ததைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பயபக்தியோடு அருந்தி முடிப்பதே முறை. பீடத் துணியில் சாறு சிந்தினால் பார் சோப்பைத் தேய்க்கவே வேண்டாம், கறை நிலைத்துவிடும். உடனே குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியைப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, கறைமேல் கொதிநீரைச் சற்று உயரத்திலிருந்து ஊற்றுங்கள். முன்பு ஆங்கிலிக்கன் மிஷனாக இருந்த சபைக்கு மாற்றலானால் அங்கே புளித்த ரசம் வழக்கத்தில் இருக்கலாம். அதை மாற்ற முயல்வது உங்கள் வேலை இல்லை.

இனி பிடியரிசி. டெல்டாச் சபைகளில் பெண்களின் ஊழியம் நிற்பது இதன்மேல்தான் என்பது என் உறுதியான கருத்து. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவது. மாதக் கடைசியில் அதைச் சபைக்குக் கொண்டுவருவது. ஒரு பிடி சுமார் 45 கிராம். நாளுக்கு ஒன்று என்றால் மாதம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். நாற்பது குடும்பம் கொடுத்தால் ஐம்பது கிலோ மூட்டை ஒன்று நிறையும். கையில் காசு புழங்காத கூலிக்காரப் பெண்ணும் வங்கி அதிகாரியின் மனைவியும் ஒரே அளவில் கொடுக்கக்கூடிய காணிக்கை இது ஒன்றுதான். ஆனால் கெடுவதற்கு வழி பல. ஒருவர் பொன்னி கொண்டுவருவார், ஒருவர் ரேஷன் அரிசி, ஒருவர் பச்சரிசி. தனித்தனியாக அளந்து ‘இது யாருடையது’ என்று கேட்டால் ரேஷன் அரிசிக்காரர் அடுத்த மாதம் வரமாட்டார். வாசலில் ஒரே பெரிய அண்டாவை வைத்து, வருகிறவர்களே கொட்டிவிட்டுப் போகச் செய்யுங்கள். பிறகு மொத்தமாக எல்லார் கண்ணெதிரே நிறுத்து, எடையை நோட்டில் எழுதி, இருவர் கையெழுத்திட்டு, அன்றே ஏலம் விட்டுவிட வேண்டும். கலந்த அரிசியை இட்லிக்கடைக்காரர்களும் கோழி வளர்ப்பவர்களும் எடுப்பார்கள். விலை குறைந்தாலும் பரவாயில்லை, தேங்கக் கூடாது. தேங்கினால் வண்டு விழும். அதைவிட மோசம், அந்த மூட்டை குருமனைச் சமையலறையில் ஒரு வாரம் கிடந்தாலே ‘ஐயர் வீட்டில் சபை அரிசி வேகிறது’ (ஆயரைச் சபையார் ‘ஐயர்’ என்பார்கள்) என்ற பேச்சு கிளம்பிவிடும். நீங்கள் ஒரு பிடி தொட்டிருக்க மாட்டீர்கள். ஆனாலும் பேச்சு நிற்காது.

அறுப்பின் பண்டிகையிலும் இதே கதை, அளவு மட்டும் பெரிது. சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில் நெல், வாழைத்தார், சேவல், ஆட்டுக்குட்டி எல்லாம் வந்து இறங்கும். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள் என்பதை நினைவில் வைத்து, ஆலய வளாகத்தில் காயவைக்கத் தார்ப்பாயும் ஆளும் முன்கூட்டியே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஏலத்தில் நீங்களோ உங்கள் வீட்டாரோ கேட்க வேண்டாம். ஏலம் எடுத்தவர் பணத்தை ‘அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்’ என்பார், பொருளாளரைக் காட்டுங்கள். பணத்தில் ஒரே விதிதான்: உங்கள் கைக்கு வந்த எந்தக் காணிக்கையும் ராத்திரி குருமனையில் தங்கக் கூடாது. வீடு சந்திக்கப் போன இடத்தில் கவர் கொடுத்தால், கொடுத்தவர் பெயரோடு அன்றே பொருளாளரிடம் சேர்த்து ரசீது வாங்கி, மறு ஞாயிறு அந்த ரசீதை அவர் கையில் கொடுங்கள். உங்களுக்கென்று கொடுத்த அன்பளிப்பு என்றால் அவரே தெளிவாகச் சொல்லட்டும். சங்கக் கணக்கில் நீங்களும் சேகரக் கணக்கில் உங்கள் கணவரும் ஒரே சமயம் கையெழுத்துப் போடுபவர்களாக இருப்பதைத் தவிர்ப்பது நல்லது. சாவிக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ஞானஸ்நான, விவாக, அடக்கப் பதிவேடுகள் இருக்கும் பீரோவின் சாவி உங்கள் கொத்தில் இருக்கக் கூடாது. கணவர் வெளியூரில் இருக்கும்போது யாராவது அவசரமாகச் சான்றிதழ் கேட்டு நிற்பார்கள், பரிதாபமாகவும் இருக்கும். எடுத்துக் கொடுக்காதீர்கள், திரும்பி வரும் நாளைச் சொல்லி அனுப்புங்கள்.

வீடு சந்திப்பு இந்த ஊழியத்தின் உயிர். இங்கே நேரம் முக்கியம். நடவும் அறுப்பும் நடக்கும் மாதங்களில் பெண்கள் விடிகாலையில் வயலுக்குப் போய் மதியம் தாண்டித் திரும்புவார்கள். காலை பத்து மணிக்குப் போனால் கிழவிகளும் குழந்தைகளும்தான் இருப்பார்கள். அவர்களைப் பார்ப்பதும் நல்லதே, ஆனால் சந்திப்பு முடிந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சாயங்காலம் அடுப்புப் பற்றவைக்கும் முன்னோ, சாப்பாடு முடிந்த பிறகோ போங்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். மறுநாள் விடியுமுன் எழ வேண்டியவர்கள். சங்கக் கூட்டத் தேதியையும் நடவுக் கணக்குப் பார்த்தே வையுங்கள். வராதவர்களை ‘ஆர்வமில்லை’ என்று திட்டுவதைவிடத் தேதியை மாற்றுவது எளிது.

சாதியைப் பற்றி மறைக்காமல் சொல்ல வேண்டும். டெல்டாவில் சபையாரில் மிகப் பலர் தலித் மக்கள். சில சபைகளில் பிற சாதியாரும் கலந்திருப்பார்கள், உட்காரும் வரிசையிலேயே அது தெரியும். புதிய ஆயரம்மா முதலில் யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார், எந்தத் தெருவில் சாப்பிட்டார் என்பது அன்று மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கொடுத்ததைக் கொடுத்த இடத்தில் சாப்பிடுங்கள். ‘இப்போதுதான் சாப்பிட்டுவிட்டு வந்தேன்’ என்ற பொய், எவ்வளவு நாசூக்காகச் சொன்னாலும், அந்த வீட்டாருக்குப் பழக்கமான பொய். சர்க்கரை நோயோ வயிற்றுக் கோளாறோ இருந்தால் எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி அரை டம்ளர் மட்டும் என்று பழக்கிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் இந்த விஷயத்தில் எப்படிப்பட்டவர்கள் என்பதை இப்போதே கவனியுங்கள். அவர்கள் வீட்டில் ஒன்று, சபையில் ஒன்று என்று நீங்கள் நடந்துகொள்ள முடியாது.

சாவு வீட்டில் பேச வேண்டியது மிகக் குறைவு. ‘கர்த்தருடைய சித்தம்’ என்று முதல் மணி நேரத்தில் சொல்லாதீர்கள். அது உண்மை என்று நீங்கள் நம்பினாலும் அந்த நேரத்தில் அது அடி. இறந்தவர் பெண் என்றால் குளிப்பாட்டி உடுத்த இரண்டு பெண்களை ஏற்பாடு செய்வது, வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு அடுத்த தெருவிலிருந்து சாப்பாடு வரவைப்பது, தகனமா அடக்கமா என்று உறவினர் வாதிட்டால் விதவையின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்பது, இவை உங்கள் வேலை. அடக்கம் முடிந்த மறுவாரம்தான் உங்கள் வங்கி அனுபவம் பெரிதும் உதவும். மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணமும் அலைச்சலும் இல்லை. வங்கிக் கணக்கில் நியமனதாரர் யார், காப்பீடு உண்டா, விதவை உதவித்தொகைக்கு என்ன தாள்கள் என்று பார்த்துக் கொடுக்க ஆளில்லாமல் தவிக்கும் வீடுகள் ஏராளம். நீங்கள் கற்ற தொழில் சபைக்கு வீணாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ரகசியம். பெண்கள் கணவரின் அடி, கடன், கருச்சிதைவு, மகளின் காதல் எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டுவார்கள். அதை ஜெபக் குறிப்பாகக்கூட வெளியே எடுக்கக் கூடாது. ‘ஒரு சகோதரியின் குடும்பச் சமாதானத்துக்காக’ என்று பெயரில்லாமல் ஜெபித்தாலும் முப்பது குடும்பச் சபையில் யாரென்று எல்லாருக்கும் தெரியும். கணவரிடம் சொல்லலாமா என்பதைக்கூடச் சொன்னவரிடமே கேளுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதில் தயக்கம் கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறையில் தெரிவிக்கும் கடமை தெரிந்த எவருக்கும் உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098. செய்தவர் சபை மூப்பராகவே இருந்தாலும் ‘உள்ளேயே பேசித் தீர்ப்போம்’ என்பதற்கு நீங்கள் உடன்படக் கூடாது. அடிபடும் மனைவியைச் ‘சகித்துக்கொள்’ என்று அனுப்பிவிடாதீர்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் அவளுக்காகவே இருக்கின்றன. மனநோய், தற்கொலை எண்ணம் போன்றவற்றுக்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும். ஆயரம்மா ஆலோசகர் அல்லர். துணைக்குப் பேருந்தில் ஏறி மருத்துவமனை வரை போகிறவர்.

ஐப்பசி, கார்த்திகை மழையையும் எதிர்பாராத பேரிடரையும் டெல்டாக் குருமனை தனியாகக் கணக்கில் வைக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை வந்தது கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. இப்படி நேரும்போது ஆலயமும் பள்ளிக்கூடமும் தங்குமிடம் ஆகும், அடுப்பு குருமனையில் எரியும். ஒரு வேளைக்கு நூறு பேருக்கு அரிசி பத்து முதல் பன்னிரண்டு கிலோ, பருப்பு இரண்டரை முதல் மூன்று கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைக் காய்ச்ச விறகில்லாவிட்டால் 1,000 லிட்டர் தெளிந்த நீருக்குச் சுமார் இரண்டரை கிராம் புதிய பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். திறந்து வைத்த பழைய பவுடருக்கு வீரியம் இருக்காது, கலங்கல் நீரில் வேலையும் செய்யாது. சானிட்டரி நாப்கின், கைக்குழந்தைக்குப் பால், கர்ப்பிணிகளின் மாத்திரை மூன்றையும் நிவாரணம் கொண்டுவருகிறவர்கள் மறந்துவிடுவார்கள். பட்டியலில் முதலில் எழுதுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன்பே பதிவேடுகளைப் பீரோவின் மேல்தட்டுக்கு ஏற்றச் சொல்லுங்கள்.

உங்கள் பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. ஜான் வெஸ்லியின் தாய் சூசன்னா ஓர் ஆயரின் மனைவி. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, பாதிக்குப் பக்கம் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். அவ்வளவு வேலைக்கு நடுவிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தனியாக ஒதுக்கினார், ஜானுக்கு வியாழக்கிழமை. 1711-12 குளிர்காலத்தில் கணவர் லண்டனில் இருந்தபோது, வீட்டுச் சமையலறையில் பிள்ளைகளுக்காக நடத்திய ஞாயிறு மாலை ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வர ஆரம்பித்து இருநூறு பேராயினர். நிறுத்தச் சொல்லிக் கணவர் எழுதியபோது, அதனால் விளையும் நன்மையை எடுத்துக் காட்டி, நிறுத்தத்தான் வேண்டும் என்றால் தெளிவான கட்டளையாகவே அனுப்பும்படி பதில் எழுதினார். இந்த இரண்டையும் சேர்த்தே பாருங்கள். ஊழியத்தில் தன் புத்தியால் நின்றவர், பிள்ளைகளின் மாலையை ஊழியத்துக்குத் தின்னக் கொடுக்கவில்லை. சபையார் உங்கள் பிள்ளையிடம் ‘ஐயர் பிள்ளை இப்படிச் செய்யலாமா’ என்று கேட்பார்கள். அந்த இடத்திலேயே, மரியாதையாக, ‘எல்லாப் பிள்ளைகளும் போலத்தான்’ என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை அதைக் கேட்க வேண்டும்.

வேலையை விடுவதா என்பதற்கு வருகிறேன். விட வேண்டும் என்று எந்தச் சபைச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தாது. பள்ளி ஆசிரியைகளாக, செவிலியர்களாக வேலை பார்க்கும் ஆயர் மனைவிகள் பலர் உண்டு. சிக்கல் இடமாற்றம். சி.எஸ்.ஐ.யில் பெரும்பாலும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும். மன்னார்குடிக்கோ திருவாரூருக்கோ போட்டால் கும்பகோணத்துக்குப் பேருந்தில் போய்வரலாம். கரூர்ப் பக்கம் போட்டால் முடியாது. உங்கள் வங்கியில் கிளை மாற்றம் கேட்க வழியுண்டா என்று இப்போதே பாருங்கள். என் தனிப்பட்ட கருத்து: முதல் ஐந்து ஆண்டு வேலையை விடாதீர்கள். ஆயரின் சம்பளம் பெரிதாக இருக்காது. குருமனை உங்கள் வீடும் இல்லை. ஓய்வுபெறும் நாளில், அல்லது கணவர் பணியிலிருக்கும்போதே இறந்தால் சில மாதங்களில், காலி செய்து கொடுக்க வேண்டும். நாற்பது ஆண்டு ஊழியம் செய்துவிட்டு ஒதுங்கக் கூரையில்லாமல் உறவினர் வீட்டில் தங்கும் ஆயரம்மாக்கள் உண்டு. அது பக்தியின் அடையாளம் இல்லை, யாரும் முன்கூட்டி யோசிக்காததன் விளைவு. உங்கள் பெயரிலேயே பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்புநிதி) கணக்கு தொடங்குங்கள், ஆண்டுக்கு 500 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடிருக்கும், 15 ஆண்டில் முதிரும். முடிந்தபோது ஒரு மனை. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. வேலைக்குப் போகிற ஆயரம்மா சபைக்கு நேரம் தரமாட்டார் என்று சிலர் முணுமுணுப்பார்கள். எல்லாவற்றையும் தொட்டு எதையும் முடிக்காததைவிட இரண்டு பொறுப்பை, எடுத்துக்காட்டாக ஓய்வுநாள் பள்ளியும் பிடியரிசியும், ஆண்டு முழுக்க விடாமல் செய்தால் முணுமுணுப்பு ஒரு வருடத்தில் அடங்கும். எதை எடுத்தாலும் உங்களுக்கு அடுத்து அதைச் செய்யக்கூடிய உள்ளூர்ப் பெண் ஒருவரை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றல் உத்தரவு வந்தால் ஒரு மாதத்தில் பெட்டி கட்டுவீர்கள். நல்ல ஆயரம்மா போனதும் படுத்துவிட்ட சங்கங்கள் அதிகம்.

குருமனைக்குள் போகும் அன்றும் வெளியேறும் அன்றும் கட்டில், நாற்காலி, மின்விசிறி, எரிவாயு அடுப்பு, மின் மீட்டர் அளவு எல்லாவற்றையும் கமிட்டியார் ஒருவரோடு சேர்ந்து பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். உடைந்ததை உடைந்தது என்றே எழுதுங்கள். இதைச் செய்யாமல் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தேக்கு மேஜைக்காகக் கெட்ட பெயர் சுமந்தவர்கள் இருக்கிறார்கள்.

சம்மதமா இல்லையா என்பதை உங்களுக்காக வேறு யாரும் தீர்மானிக்க முடியாது. ஆனால் பதில் சொல்லும் முன் மாப்பிள்ளையிடம் நேரில் இவற்றைக் கேளுங்கள்: வாரத்தில் எந்த நாள் அவருக்கு ஓய்வு, அந்த நாளை யார் வந்தாலும் காப்பாற்றுவாரா? நான் மறுக்கும் பொறுப்பைக் கமிட்டி கேட்டால் என் சார்பில் அவர் மறுப்பாரா? ஊதியச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் காட்டுவாரா? வருங்கால வைப்புநிதி, குடும்ப ஓய்வூதியம் பற்றி அதில் என்ன எழுதியிருக்கிறது? பிறகு, மாப்பிள்ளை வீட்டார் இல்லாமல், ஓய்வுபெற்ற ஓர் ஆயரின் மனைவியையும், முடிந்தால் ஓர் ஆயரின் விதவையையும் தனியே போய்ப் பாருங்கள். இப்போது எங்கே வசிக்கிறார்கள், எந்த வருமானத்தில் வாழ்கிறார்கள், பழைய சபைகளிலிருந்து இன்னும் யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதையும் மாப்பிள்ளை சொன்னதையும் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு வீட்டாரிடம் பேசுங்கள்.